அணுவின் திணிவும் அதன் அலகுகளும்: மாத்தளைக் கரியும் கல்லும் காட்டும் கணக்கு

பொருளொன்றின் திணிவைக் கூறுவதற்கு ஓர் அலகே போதுமென்று சாதாரண வாழ்வில் நாம் கருதினாலும், அணுவினும் சிறிய துணிக்கைகளை ஆராயப் புகுந்த விஞ்ஞானிகள் ஒரே துணிக்கைக்கு மூன்று அலகுகளில் மூன்று எண்களை எழுதி வருகின்றனர். புரோத்தனின் திணிவு 1.672622 × 10⁻²⁷ கிலோகிராம் என்று ஒரு நூல் கூறும், 1.007276 அணுத்திணிவு அலகு என்று வேறொரு நூல் கூறும், 938.272 மெகா இலத்திரன்வோல்ற்று என்று மூன்றாவது நூல் கூறும். இம்மூன்றையும் ஒன்றோடொன்று இணைக்கும் வாய்பாடும் எல்லாப் பாடநூல்களிலும் உண்டு: ஓர் அணுத்திணிவு அலகு 1.660539 × 10⁻²⁷ கிலோகிராமுக்குச் சமம். சக்தியாகக் கொண்டால் அதுவே 931.494 மெகா இலத்திரன்வோல்ற்று. பெருக்கத் தெரிந்தவனுக்கு இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

ஆராய வேண்டியது உண்டென்பதே இக்கட்டுரையின் கருத்து. இம்மூன்று அலகுகளும் ஒரே அளவுகோலின் பெரிதும் சிறிதுமான பிரிவுகள் அல்ல. ஒவ்வொன்றும் தனித்தனிக் கருவியிலிருந்தும் தனித்தனி ஆய்வுமரபிலிருந்தும் பிறந்தது. கிலோகிராம் தராசிலிருந்து வந்தது. அணுத்திணிவு அலகு ஓரணுவை மற்றோரணுவோடு ஒப்பிட்ட இரசாயனவியலாரிடமிருந்து வந்தது. இலத்திரன்வோல்ற்று மின்னேற்றம் பெற்ற துணிக்கையை மின்னழுத்தத்தால் விரட்டிய பௌதிகவியலாரிடமிருந்து வந்தது. ஆதலின் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் நாம் ஓர் இயற்கை விதியையோ ஒரு பரிசோதனையின் முடிவையோ துணையாகக் கொள்கின்றோம். அந்தத் துணை எத்துணை உறுதியுடையதோ அத்துணை உறுதியே விடைக்கும் உண்டு.

இதனை வெறும் சூத்திரமாகக் கூறாமல் கையிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு விளக்குவதற்கு இலங்கையின் மாத்தளை மாவட்டம் ஏற்ற இடமாகும். தம்புள்ளைக்கு அண்மையில், இப்பன்கட்டுவக் குளத்தருகே, ஆதி இரும்புக்கால மக்களின் ஈமக்காடு ஒன்று உள்ளது. 1970ஆம் ஆண்டில் தொல்பொருளியல் திணைக்களத்தின் கவனத்திற்கு வந்த அவ்விடம், பின்னர் கலாசார முக்கோணத் திட்டத்தின் கீழும் ஜெர்மானிய ஆய்வாளரோடு கூட்டாகவும் அகழப்பெற்றது. கற்பலகைகளைப் பெட்டிபோல் நிறுத்திய கல்லறைகளும், தாழிகளும், செந்நிறக் கார்னீலியன் மணிகளும் அங்கே வெளிப்பட்டன. அவற்றின் காலம் ஏறக்குறைய கி.மு. 700க்கும் 400க்கும் இடைப்பட்டதென்பது கதிர்க்காபன் முறையால் அறியப்பட்டது. அதே மாவட்டத்தில், மாத்தளை நகருக்கு அப்பால், கைக்காவலையை அடுத்த ஓவல என்னுமிடத்தில் பீங்கான் தொழிலுக்கு வேண்டிய பெல்சுபார் வெட்டியெடுக்கப்படுகின்றது. முன்னதன் கரியிலுள்ள காபன்-14, பின்னதன் கல்லிலுள்ள பொற்றாசியம்-40 ஆகிய இரண்டு அணுவகைகளும் மெல்ல மெல்லச் சிதைந்து திணிவில் நுண்ணிய பகுதியைச் சக்தியாக வெளிவிடுவன. அந்த நுண்ணிய பகுதியை எந்த அலகில், எந்த ஒழுங்கில் கணிப்பது என்பதே நம் வினா.

ஒப்பீட்டிலிருந்து பிறந்த அலகு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரசாயனவியலார் எவரும் ஓர் அணுவின் திணிவு இத்தனை கிராம் என்று அறிந்தாரல்லர். ஒரு மூலகத்தின் எத்தனை பங்கு மற்றொரு மூலகத்தின் எத்தனை பங்கோடு சேர்கின்றதென்பதைத் தராசால் நிறுத்து, அதிலிருந்து அணுநிறைகளின் விகிதத்தை மட்டுமே அவர்கள் அநுமானித்தனர். விகிதத்துக்கு அலகு வேண்டுவதில்லை; ஏதேனும் ஒன்றைப் பிரமாணமாக நிறுத்தினாற் போதும். 1815ஆம் ஆண்டில் பிரவுட் என்பார் எல்லா அணுநிறைகளும் ஐதரசனின் முழுவெண் மடங்குகளே என்று கூறியபோது, குளோரீனின் 35.5 என்னும் எண் குறுக்கே நின்றது. ஓர் அணுவில் அரைப்பங்கு எங்ஙனம் இருக்கும் என்ற அந்தச் சங்கை ஒரு நூற்றாண்டு தீராதிருந்தது.

அச்சங்கை தீர்ந்த வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், பின்னாளில் கலை ஆய்வாளராக உலகப்புகழ் பெற்ற ஆனந்த குமாரசுவாமி, இலங்கையின் கனிப்பொருளாய்வுப் பணிக்குப் பொறுப்பாயிருந்தார். அக்காலத்தில் சப்பிரகமுவையின் பலாங்கொடைப் பகுதியில் கிடைத்த கரிய, கனத்த பளிங்குகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1904ஆம் ஆண்டில் அவற்றைப் பகுத்த வின்டம் டன்ஸ்டன், நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் தோரியம் ஒட்சைட்டு கொண்ட புதிய கனிப்பொருளொன்றைக் கண்டு அதற்குத் தோரியனைற்று என்று பெயரிட்டார். வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் பயின்றுகொண்டிருந்த ஒட்டோ ஹான், இந்தக் கனிப்பொருளிலிருந்து வந்த பதார்த்தத்தைக் கையாளும்போதே 1905ஆம் ஆண்டில் கதிர்த்தோரியத்தைக் கண்டார். அணுக்கருப் பிளவை முப்பதாண்டுகளுக்குப் பின் வெளிப்படுத்திய கை, தன் முதற்பயிற்சியை இலங்கைக் கல்லில் பெற்றதெனலாம்.

நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது பிரெடரிக் சொடியின் ஆய்வு. ஒரே மூலகத்துக்கு வெவ்வேறு திணிவுள்ள அணுக்கள் இருத்தல் கூடும் என்றும், அவை சமதானிகள் என்றும் 1913ஆம் ஆண்டில் அவர் கூறினார். அக்கூற்று மெய்யானால், தோரியம் சிதைந்து உண்டாகும் ஈயம் சாதாரண ஈயத்தைவிடக் கனமாயிருத்தல் வேண்டும். யுரேனியம் சிதைந்து உண்டாகும் ஈயம் இலேசாயிருத்தல் வேண்டும். யுரேனியம் மிகக் குறைந்து தோரியம் மிகுந்திருந்த இலங்கைத் தோரைற்று என்னும் கனிப்பொருள் இச்சோதனைக்கு வாய்ப்பாக அமைந்தது. 1914ஆம் ஆண்டில் சொடியும் ஹைமனும் அதிலிருந்து பிரித்த சிறிதளவு ஈயத்துக்கு 208.4 என்னும் அணுநிறை கிடைத்தது. பின்னர் மிகுதியான ஈயத்தைப் பிரித்து அதன் அடர்த்தியை அளந்தபோது, அது சாதாரண ஈயத்தின் அடர்த்தியிலும் நூற்றுக்கு 0.26 பங்கு மிகுந்திருந்தது. சமதானிகளின் அணுக்கள் ஒரே இடத்தை அடைப்பன என்று கொண்டால், சாதாரண ஈயத்தின் 207.2 என்னும் அணுநிறை இந்த ஈயத்துக்கு 207.74 ஆக உயர்தல் வேண்டும். அதே மாதிரியைத் தனியே ஆராய்ந்த ஒட்டோ ஹோனிக்ஷ்மிட் கண்ட எண் 207.77.

இங்கே கவனிக்கத் தக்கது, இப்பெரிய முடிவுக்குக் கிலோகிராமும் வேண்டியிருக்கவில்லை, சக்தியின் அலகும் வேண்டியிருக்கவில்லை என்பதே. இரண்டு ஈயங்களின் விகிதமே முழு வழக்கையும் தீர்த்தது. அணுத்திணிவு அலகின் இயல்பான பலம் இதுவேயாகும்: ஓர் அணுவை மற்றோரணுவோடு நேரே ஒப்பிடுமிடத்து, மனிதன் செய்துவைத்த எடைக்கல் எதுவும் இடையில் வந்து தன் பிழையைச் சேர்ப்பதில்லை.

பிரமாணம் மாறிய கதை

விகிதத்துக்கு ஒரு பிரமாணம் வேண்டும் என்றோம். அந்தப் பிரமாணமாக நெடுங்காலம் நின்றது ஒட்சிசன். அதன் அணுநிறை சரியாக 16 என வைத்துக்கொள்ளப்பட்டது. 1919ஆம் ஆண்டில் ஆஸ்டன் தம் திணிவு நிறமாலைவரைவியால் சமதானிகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டியபின், குளோரீனின் 35.5 என்பது 35, 37 என்னும் இருவகை அணுக்களின் சராசரியே என்பது தெளிவாயிற்று. ஆனால் பழைய சங்கை தீர்ந்த இடத்திலேயே புதியதொரு குழப்பம் தோன்றியது. 1929ஆம் ஆண்டில் ஜியோக், ஜோன்ஸ்டன் ஆகிய இருவரும் ஒட்சிசனும் ஒரே வகை அணுவால் ஆனதன்று, அதில் 17, 18 என்னும் கனத்த சமதானிகளும் சிறிதளவு உள்ளன என்று காட்டினர். அன்றுமுதல் இரசாயனவியலார் காற்றிலும் நீரிலும் உள்ள கலவை ஒட்சிசனை 16 என்று கொள்ள, பௌதிகவியலார் ஒட்சிசன்-16 என்னும் தனிச் சமதானியை மட்டும் 16 என்று கொண்டனர். ஒரே பெயரால் வழங்கிய இரண்டு அலகுகள், பத்தாயிரத்துக்கு ஏறக்குறைய மூன்று பங்கு வேறுபட்டு, முப்பதாண்டுகள் அருகருகே வாழ்ந்தன.

பத்தாயிரத்தில் மூன்று பங்கு என்பது கடைத்தராசுக்கு ஒன்றுமில்லை. அணுக்கருவின் கணக்குக்கோ அது பெரும்பிழை. அன்றியும் இரசாயனவியலாரின் பிரமாணம் இன்னொரு குறையும் உடையது; நீரிலுள்ள ஒட்சிசனின் கலவையும் காற்றிலுள்ளதன் கலவையும் முற்றிலும் ஒன்றாயிரா. பௌதிகவியலாரின் பிரமாணத்தையே எல்லாரும் ஏற்கலாமே என்றால், இரசாயனவியலாரின் அட்டவணைகள் யாவும் கண்ணுக்குத் தெரியுமளவுக்கு மாறவேண்டியிருக்கும். இவ்விடர்ப்பாட்டிலிருந்து மீளும் வழியாக நியர், ஓலாண்டர் ஆகியோர் காபன்-12ஐப் பிரமாணமாகக் கொள்ளலாம் என்றனர். மட்டௌக் அதற்காக ஊக்கத்தோடு உழைத்தார். அதன்படி இரசாயனவியலாரின் எண்கள் பத்து இலட்சத்துக்கு ஏறக்குறைய 40 பங்களவே மாறின. 1960ஆம் ஆண்டில் பௌதிகவியலாரின் அனைத்துலகச் சங்கமும், 1961ஆம் ஆண்டில் இரசாயனவியலாரின் அனைத்துலகச் சங்கமும் இதனை ஏற்றன. அன்றுமுதல் காபன்-12 அணுவின் திணிவில் பன்னிரண்டிலொரு பங்கே அணுத்திணிவு அலகாகும்.

பழைய நூல்களைப் பயன்படுத்துவோர் இதனை மறத்தலாகாது. 1961க்கு முற்பட்ட பௌதிக நூலொன்றில் ஓர் அலகுக்கு ஏறக்குறைய 931.2 மெகா இலத்திரன்வோல்ற்று என்ற அளவில் எண் காணப்படுமாயின் அது அச்சுப்பிழையன்று. பழைய ஒட்சிசன் அலகு இன்றைய அலகினும் சிறிதாயிருந்ததன் விளைவே அது. பழைய அட்டவணையின் திணிவையும் புதிய மாற்றுக்காரணியையும் ஒரே கணக்கிற் கலப்பவர் இரண்டு பிரமாணங்களைக் கலப்பவராவர்.

சக்தியால் திணிவைக் கூறுதல்

மூன்றாவது அலகு முதலிற் கேட்போருக்கு விந்தையாகவே தோன்றும். இலத்திரன்வோல்ற்று என்பது ஓர் இலத்திரன் ஒரு வோல்ற்று அழுத்த வேறுபாட்டைக் கடந்து பெறும் சக்தி, அது 1.602176634 × 10⁻¹⁹ யூல். சக்தியின் அலகு திணிவைக் கூறுவது எப்படி? மாத்தளை உள்ளிட்ட கண்டி நாட்டு விவசாயி தன் வயலின் பரப்பைக் கேட்டால் இத்தனை அமுனம் என்று விதைநெல்லின் அளவால் விடைகூறிய வழக்கத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். நெல்லின் முகத்தலளவை நிலத்தின் பரப்பாவது, ஒரு குறித்த பரப்புக்கு இவ்வளவு விதை என்னும் உறவு இடையில் நிற்பதனாலேயே. ஆயினும் அந்த உறவு மண்ணுக்கு மண், ஊருக்கு ஊர் மாறியமையால், அமுனத்தை ஏக்கராக்கும் கணக்கு எங்கும் ஒன்றாயிருந்ததில்லை. திணிவுக்கும் சக்திக்கும் இடையில் நிற்பது ஒளிவேகத்தின் வர்க்கம். அது எவ்விடத்தும் எக்காலத்தும் மாறாதது. அதனாலேயே பௌதிகவியலார் அதனைச் சொல்லாமலே விட்டு, இலத்திரனின் திணிவு 0.511 மெகா இலத்திரன்வோல்ற்று என்று துணிந்து பேசுகின்றனர். எழுதும்போது மட்டும் அவ்வெண்ணை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்ததே திணிவு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். ஒரு மெகா இலத்திரன்வோல்ற்றுக்கு ஈடான திணிவு 1.782662 × 10⁻³⁰ கிலோகிராம்.

இந்த உறவை ஐன்ஸ்டைன் 1905ஆம் ஆண்டில் சித்தாந்தமாகக் கூறினார். ஆனால் அணுக்கருவில் அதனைப் பிரத்தியட்சமாகக் காண்பதற்கு 1932ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் கேம்பிரிட்ஜில் கொக்குரோஃப்டும் வால்டனும் விரைந்து செல்லும் புரோத்தன்களால் இலிதியம்-7 அணுக்கருவைத் தாக்கி அதனை இரண்டு ஈலியம் கருக்களாகப் பிளந்தனர். இலிதியமும் ஐதரசனும் சேர்ந்த திணிவிலிருந்து இரண்டு ஈலியங்களின் திணிவைக் கழித்தால் எஞ்சுவது 0.0186 அலகு, அதனை 931.494ஆற் பெருக்கினால் 17.3 மெகா இலத்திரன்வோல்ற்று. பறந்து சென்ற துணிக்கைகள் காட்டிய சக்தியும் ஏறக்குறைய அதுவே. 2005ஆம் ஆண்டில் கந்தகம், சிலிக்கன் ஆகியவற்றின் கருக்களைக் கொண்டு செய்த சோதனை, திணிவுக்குறைவும் வெளிப்பட்ட சக்தியும் ஒரு கோடிக்கு நான்கைந்து பங்கு என்னும் பிழையெல்லைக்குள் ஒத்திருத்தலைக் காட்டியது. ஆகவே 931.494 என்னும் எண் மனிதர் கூடி முடிவுசெய்த வழக்கமன்று. சோதித்து நிலைநாட்டிய இயற்கை விதியொன்று அதனுள் அடங்கியுள்ளது.

சொடி ஆராய்ந்த இலங்கைத் தோரியத்தின் வாழ்வு முழுவதையும் இவ்வலகில் ஒரே வரியிற் கூறிவிடலாம். தோரியம்-232இன் திணிவு 232.038054, அது ஆறு ஈலியம் அணுக்களை விடுத்து இறுதியில் ஆவது 207.976652 திணிவுடைய ஈயம்-208. ஆறு ஈலியங்களும் சேர்ந்து 24.015620. எஞ்சும் 0.045782 அலகே, தோரியத்திலிருந்து ஈயம் வரையுள்ள நெடும்பயணத்தில் வெளிப்படும் 42.6 மெகா இலத்திரன்வோல்ற்றுச் சக்தி. இந்தச் சிறு எஞ்சுதொகையைச் சொடியின் தராசு அறியமாட்டாது. அறியாமலே அவர் தம் முடிவைச் சரியாகக் கண்டார்.

இப்பன்கட்டுவக் கரி

இனி மாத்தளையின் முதற்பொருளுக்கு வருவோம். உயிருள்ள மரத்தின் காபனில் ஏறக்குறைய ஓர் இலட்சம் கோடி அணுக்களுக்கு ஒன்று என்னும் அளவில் காபன்-14 கலந்துள்ளது. ஒரு கிராம் காபனில் அவ்வணுக்கள் ஏறக்குறைய 6,000 கோடி. மரம் பட்டதும் புதிய வரவு நின்றுபோக, உள்ளது 5,730 ஆண்டுக்குப் பாதி என்னும் வீதத்திற் குறைகின்றது. 2,600 ஆண்டுப் பழமையான கரியில் நூற்றுக்கு 73 பங்கு எஞ்சியிருக்கும். 27 பங்கு நைதரசன்-14 ஆக மாறியிருக்கும். 1949ஆம் ஆண்டில் லிபி வகுத்த இம்முறையே தொல்பொருளியலுக்கு ஆண்டுக்கணக்கு ஒன்றைத் தந்தது.

ஒரு காபன்-14 அணு நைதரசனாகும்போது எவ்வளவு திணிவு குறைகின்றது? காபன்-14இன் திணிவு 14.003242 அலகு, நைதரசன்-14இன் திணிவு 14.003074 அலகு. வித்தியாசம் 0.000168 அலகு. அதனைச் சக்தியாக்கினால் 156.5 கிலோ இலத்திரன்வோல்ற்று. வெளிப்படும் இலத்திரன்களின் உச்சச்சக்தியாகக் கருவிகள் காட்டும் எண்ணும் இதுவே. கிலோகிராமாக்கினால் 2.79 × 10⁻³¹. அஃதாவது ஓர் இலத்திரனின் திணிவில் மூன்றிலொரு பங்கிலும் சற்றுக் குறைவு.

இதே கணக்கை வேறோர் ஒழுங்கிற் செய்து பார்ப்போம். இரண்டு திணிவுகளையும் முதலிலே கிலோகிராமாக மாற்றி, பள்ளிக் கணக்கின் வழக்கப்படி நான்கு இலக்கங்களோடு நிறுத்தினால், காபன்-14க்கு 2.325 × 10⁻²⁶ என்றும் நைதரசன்-14க்கு 2.325 × 10⁻²⁶ என்றும் ஒரே எண் வரும். கழித்தால் பூச்சியம். காபன்-14க்குச் சிதையச் சக்தியே இல்லை என்றும், ஈமக்காட்டின் காலத்தை அறியக் கடிகாரமே இல்லை என்றும் அக்கணக்குக் கூறும். அணுத்திணிவு அலகிலேயே நின்றாலும், தசமத்தின் பின் நான்கு இலக்கங்களோடு நிறுத்துவோமாயின் வித்தியாசம் 0.0001 அலகாகவும் சக்தி 93 கிலோ இலத்திரன்வோல்ற்றாகவும் வந்து, உண்மையில் நூற்றுக்கு 40 பங்கு தொலைந்துபோகும். இதற்கு மாறாக, திணிவுகளை ஆறு இலக்கம் வரை வைத்துக்கொண்டு, மாற்றுக்காரணியை மட்டும் 931.494க்குப் பதிலாக 931 என்று முரட்டுத்தனமாக வெட்டினால், விடை 156.5க்குப் பதில் 156.4 ஆகும், இழப்பு இரண்டாயிரத்தில் ஒரு பங்களவே. மாணவர் மாற்றுக்காரணியின் இலக்கங்களை மனனம் செய்யக் காட்டும் சிரத்தையைத் திணிவின் கடைசி இலக்கங்களிற் காட்டுவதில்லை. சிரத்தை வேண்டிய இடமோ அதுவே. முதலிற் கழித்து, அதன்பின் மாற்றுவதே முறை.

கருவிகளும் இதே பாடத்தைக் கூறுகின்றன. மேற்கூறிய ஒரு கிராம் கரியில் 2,600 ஆண்டுகளில் ஏறக்குறைய 1,600 கோடி அணுக்கள் சிதைந்திருக்கும். அவையெல்லாம் சேர்ந்து இழந்த திணிவு 4.5 × 10⁻²¹ கிலோகிராம். எந்தத் தராசுக்கும் அது எட்டாது. ஆனால் அவ்வணுக்களுள் ஒன்று சிதையும் கணத்தில் வெளிப்படும் இலத்திரனை லிபியின் எண்ணி ஒவ்வொன்றாக உணர்ந்தது. கிலோகிராமில் இல்லாததுபோல் தோன்றுவது சக்தியின் அலகிற் பளிச்சென்று தெரிகின்றது. 1977ஆம் ஆண்டுக்குப் பின் வழக்குக்கு வந்த ஆர்முடுக்கித் திணிவு நிறமாலை முறை, சிதைவுக்காகக் காத்திராமல் காபன்-14 அணுக்களையே நேராக எண்ணுகின்றது. அங்கே நைதரசன்-14 பெரும்பகையாய் நிற்கின்றது. இரண்டின் திணிவும் ஏறக்குறைய 83,000க்கு ஒரு பங்கே வேறுபடுவதால் சாதாரணக் காந்தப்புலம் அவற்றைப் பிரிக்கமாட்டாது. நைதரசன் நிலையான எதிரயனாக அமைவதில்லை என்னும் தனிப்பண்பைக் கொண்டே ஆய்வாளர் அதனை வாயிலிலேயே தடுத்துவிட்டனர். அதே திணிவெண் கொண்ட ஐதரசன்-காபன் மூலக்கூறுகளை மெல்லிய படலத்தூடாகவோ வாயுவூடாகவோ விரைந்து செலுத்தி உடைத்தெறிந்தனர். திணிவால் பிரிக்க முடியாததை வேறு பண்பாற் பிரித்த இச்சாதுரியம், அந்த 0.000168 எத்துணைச் சூக்குமமானது என்பதற்கு வேறொரு சான்றாகும்.

ஓவலப் பெல்சுபார்

இரண்டாவது பொருளான பெல்சுபாரில் அலகைவிட நுட்பமான ஒரு பிரச்சினை உண்டு. அது இலத்திரன்களை எண்ணும் பிரச்சினை. அட்டவணைகளில் உள்ளவை பெரும்பாலும் அணுக்கருவின் திணிவுகளல்ல. இலத்திரன்களோடு கூடிய முழு அணுவின் திணிவுகள். காபன்-14 அணுவில் ஆறு இலத்திரன்கள். சிதைவில் வெளிவரும் ஒன்றையும் சேர்த்தால் ஏழு. நைதரசன் அணுவுக்கு வேண்டியனவும் ஏழே. ஆகவே இரு பக்கமும் தாமே சமப்படுகின்றன. இதனை உணராதவர் வெளிவந்த இலத்திரனுக்காக 0.000549 அலகை மீண்டும் கழிப்பாராயின், 0.000168இலிருந்து அதிலும் பெரிய எண்ணைக் கழித்தவராகி, நிகழ முடியாத சிதைவொன்றைக் காண்பார். மாற்றுக்காரணி சரியாயிருந்தும், பெருக்கல் சரியாயிருந்தும், கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும்.

பொற்றாசியம்-40, பொற்றாசியப் பெல்சுபாரில் உள்ள பொற்றாசியத்தில் பத்தாயிரத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேற்பட்ட அளவில் உள்ளது. அதன் அரைவாழ்வுக்காலம் ஏறக்குறைய 125 கோடி ஆண்டுகள். அது இருவழியாகச் சிதைகின்றது. நூற்றுக்கு 89 அணுக்கள் இலத்திரனை வெளிவிட்டுக் கல்சியம்-40 ஆகின்றன; எஞ்சியவை தம் இலத்திரனொன்றைத் தாமே கவர்ந்து ஆகன்-40 ஆகின்றன. பொற்றாசியம்-40இன் திணிவு 39.963998, கல்சியம்-40இன் திணிவு 39.962591, ஆகன்-40இன் திணிவு 39.962383. எனவே முதல் வழியில் 0.001407 அலகு அல்லது 1.311 மெகா இலத்திரன்வோல்ற்றும், இரண்டாவது வழியில் 0.001615 அலகு அல்லது 1.504 மெகா இலத்திரன்வோல்ற்றும் வெளிப்படும். இரண்டாவதில் பெரும்பகுதி 1.461 மெகா இலத்திரன்வோல்ற்றுக் காமாக் கதிராகப் புறப்படுகின்றது, எஞ்சிய 0.04ஐ நியூத்திரினோ கொண்டு செல்கின்றது. பொற்றாசியம் மிகுந்த பாறை உள்ள இடமெல்லாம் காமாக்கதிர் அளவீட்டிற் காணும் தனிக்கோடு இதுவேயாகும்.

இவ்விரண்டு வழிகளிலும் அணுத்திணிவுகளை நேரே கழித்தாற் போதும். ஆனால் மிக அரிதாக, ஓர் இலட்சத்துக்கு ஒன்று என்னும் அளவில், இதே அணு பொசித்திரனை வெளிவிடுவதும் உண்டு. அப்பொழுது பொற்றாசியத்தின் பத்தொன்பது இலத்திரன்களுள் ஆகனுக்கு வேண்டியவை பதினெட்டே, ஒன்று மிகை. வெளிவந்த பொசித்திரனும் இலத்திரனின் திணிவே உடையது. ஆகவே இரண்டு இலத்திரன்களின் திணிவான 1.022 மெகா இலத்திரன்வோல்ற்றைக் கழித்தே ஆகவேண்டும், எஞ்சுவது 0.482. ஒரே கல்லில், ஒரே அணுவில், ஒரே மாற்றுக்காரணியைக் கொண்டு செய்யும் கணக்கில், ஓரிடத்திற் கழிக்கலாகாததும் மற்றோரிடத்திற் கழிக்க வேண்டியதுமான பொருள் ஒன்று உண்டென்பதை இது காட்டுகின்றது. எதன் திணிவு கேட்கப்படுகின்றது, அணுவினதா கருவினதா என்று முதலில் தெளிந்துகொள்ளாதவருக்கு எந்த அலகும் துணைசெய்யாது.

எந்த மாற்றம் பழுதற்றது?

இம்மூன்று அலகுகளையும் இணைக்கும் பாலங்கள் மூன்றும் ஒரே உறுதியுடையன அல்ல. 2019ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள்வரை கிலோகிராம் என்பது பாரிசுக்கு அருகே காக்கப்பட்ட பிளாற்றினக் கலப்புலோகக் கட்டியின் திணிவாயிருந்தது. அன்றுமுதல் பிளாங்கு மாறிலி, இலத்திரனின் ஏற்றம் ஆகியவற்றுக்கு மாற்றமில்லாத எண்கள் விதிக்கப்பட்டன. ஒளிவேகம் செக்கனுக்கு 299,792,458 மீற்றர் என்பது முன்பே விதிக்கப்பட்டிருந்தது. இதன் பயனாக இலத்திரன்வோல்ற்றிலிருந்து கிலோகிராமுக்கு மாறும் காரணி இன்று அளவீட்டின் முடிவாகாது வரைவிலக்கணத்தின் விளைவாயிற்று. அதில் பிழைக்கே இடமில்லை.

அணுத்திணிவு அலகு இவ்வரிசையிற் சேரவில்லை. காபன்-12 அணுவின் திணிவு பன்னிரண்டு என்பது மனிதர் விதித்தது. அது எத்தனை கிலோகிராம் என்பதோ இன்றும் பரிசோதனையாற் காணவேண்டியது. அதில் ஆயிரங்கோடிக்கு மூன்று பங்களவு ஐயம் உண்டு. அதே ஐயம் 931.494 என்னும் காரணியின் கடைசி இலக்கங்களிலும் உண்டு. ஆனால் காந்தப்புலத்திலும் மின்புலத்திலும் தனி அயனைச் சிறைப்படுத்தி அதன் சுழற்சி வீதத்தை எண்ணும் பெனிங் பொறிகள், ஓரணுவின் திணிவை மற்றோரணுவின் திணிவோடு ஒப்பிடும்போது இந்த ஐயத்திலும் பன்மடங்கு குறைந்த பிழையோடு விடை தருகின்றன. எனவே அணுத்திணிவு அலகில் உள்ள ஓர் எண்ணைக் கிலோகிராமாக மாற்றுபவர், அறிந்ததில் ஒரு பகுதியை அறியாததாக மாற்றுகின்றார். சொடி இலங்கை ஈயத்தை விகிதத்தாலேயே தீர்த்த நெறி, நூறாண்டுக்குப் பின்னும் மிகநுட்பமான கருவிகளின் நெறியாக நிலைத்திருக்கின்றது.

இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு சுருக்கமானது. எந்த அலகில் அளக்கப்பட்டதோ அந்த அலகிலேயே எண்ணை இயன்றவரை வைத்திருத்தல் வேண்டும். கழித்தல் முதலிலும் மாற்றுதல் கடைசியிலும் நிகழ்தல் வேண்டும். அட்டவணையின் திணிவு அணுவினதா கருவினதா, எந்தப் பிரமாணத்தைச் சார்ந்தது என்பவற்றை மாற்றுவதற்கு முன்பே அறிதல் வேண்டும். அணுவுலகில் பொருள் பொதிந்த செய்தி பெரும்பாலும் திணிவின் முதல் இலக்கங்களில் இருப்பதில்லை; இரண்டு பெரிய எண்களின் வித்தியாசமாக ஐந்தாவது, ஆறாவது இலக்கங்களில் இருக்கின்றது. ஈமக்காட்டுக் கரியின் வயதுக்குக் காரணமான சக்தியும், பெல்சுபாரிலிருந்து புறப்படும் கதிரும், தோரியம் ஈயமான வரலாறும் அந்தக் கடைசி இலக்கங்களிலேயே எழுதப்பட்டுள்ளன. அவற்றைக் காக்கும் மாற்றமே மாற்றம்; அவற்றை இழக்கும் மாற்றம், பெருக்கல் எவ்வளவு பிழையற்றதாயினும், விஞ்ஞானமாகாது.